பேட்டரியை மாற்றும் முன்: சார்ஜிங் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் சாலையை நம்பிப் பிழைக்கிறவர்களில் பலருக்கு வாகனம் என்றால் மோட்டார் சைக்கிள்தான். தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர், விடியற்காலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர், பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வயலுக்குத் திரும்புகிறவர் என எல்லோருக்கும் வண்டி நின்றால் அன்றைய வேலையும் நின்றுவிடும். அப்படி நிற்கிற வண்டிக்கு முதலில் கிடைக்கும் தீர்ப்பு, "பேட்டரி போச்சு." புதுப் பேட்டரி வருகிறது, செல்ஃப் உடனே எடுக்கிறது, பிரச்சினை தீர்ந்தது என்று நம்புகிறோம். சில நாளில் அதே வண்டி அதே மாதிரி நிற்கும்போது பேட்டரி கம்பெனியைத் திட்டுகிறோம். இந்த அத்தியாயம் அந்தத் தீர்ப்பை மறுக்கிறது. பேட்டரி இறங்குவது பல நேரம் வெறும் அறிகுறி. கோளாறு அதற்கு முன்னால், காயிலிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் வரும் வழியில் இருக்கிறது. அந்த வழியிலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது வயரும் வயரும் சேருகிற இடங்களை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இதை எவரும் அளந்து பார்த்துவிடலாம். அளக்காமல் எதையும் மாற்றக் கூடாது என்பதே இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

மின்சாரம் வரும் வழி

இன்ஜினின் ஒரு பக்க மூடிக்குள் மேக்னெட் சுற்றுகிறது. அதற்குள் அசையாமல் நிற்பது காயில். மேக்னெட் சுற்றச் சுற்றக் காயிலில் மாறுமின்சாரம், அதாவது ஏசி, பிறக்கிறது. அந்த வயர்கள் ஒரு கப்ளர் வழியாக ரெகுலேட்டருக்குப் போகின்றன. ரெகுலேட்டருக்கு இரண்டு வேலை: ஏசியை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றுவது, அழுத்தம் 14.5 வோல்ட் அளவைத் தாண்டாமல் பிடித்து வைப்பது. அங்கிருந்து பியூஸ் வழியாகப் பேட்டரிக்கும் விளக்கு, ஹார்ன், இக்னிஷனுக்கும் மின்சாரம் பிரிகிறது. இந்தப் பாகங்கள் எங்கோ தொலைவில் செய்யப்படுபவை அல்ல. மேக்னெட், ரெகுலேட்டர் வகைகளைத் தயாரிக்கும் இந்தியா நிப்பான் எலக்ட்ரிக்கல்ஸ் நிறுவனத்துக்கு ஓசூரில் ஓர் ஆலை இருக்கிறது, புதுச்சேரி நெட்டப்பாக்கம் பகுதியில் இன்னொன்று இருக்கிறது.

பெரும்பாலான வண்டிகளில் இருப்பது 'ஷண்ட்' வகை ரெகுலேட்டர். பேட்டரிக்குத் தேவைக்கு மேல் மின்சாரம் வரும்போது அது காயிலின் முனைகளை ஒன்றோடொன்று சேர்த்து, மிச்ச மின்சாரத்தைக் காயிலுக்கே திருப்பி ஓடவிடுகிறது. அதனால் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் வண்டி ஓடும் நேரம் முழுக்கக் காயில் தன் முழுச் சுமையைச் சுமக்கிறது. இன்ஜின் சூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு தானும் சூடாகிக்கொண்டிருக்கும் காயிலின் மேல்பூச்சு ஆண்டுகள் போகப்போகக் கருகுவதற்கு இதுவே காரணம். சில உயர்ரக வண்டிகளில் உள்ள 'சீரிஸ்' வகை ரெகுலேட்டர், தேவையில்லாதபோது இணைப்பையே துண்டித்துவிடுவதால் காயில் குளிர்ந்து வேலை செய்கிறது. எல்இடி பல்பு போட்டால் காயில் பிழைத்துக்கொள்ளும் என்ற பேச்சு ஷண்ட் வகைக்குப் பொருந்தாது. விளக்கின் சுமை குறைந்தால் ஐட்லிங்கில் பேட்டரிக்கு மிச்சம் கொஞ்சம் கூடும், அது நல்லதே. காயிலின் சூடு மட்டும் குறையாது.

இரண்டு அரசு விதிகள் இந்த அமைப்பின் மீதான பாரத்தைக் கூட்டியிருக்கின்றன. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இரு சக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்தாக வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 தரம் கட்டாயமானதும் பெரும்பாலான வண்டிகள் கார்புரேட்டரை விட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பல, பேட்டரி அடியோடு இறங்கியிருந்தாலும் கிக்கரை உதைத்தால் கிளம்பிவிடும். அவற்றின் இக்னிஷனுக்கு மேக்னெட்டிலிருந்தே நேரடியாக மின்சாரம் கிடைத்தது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்பும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியுவும் விழித்தால்தான் இன்ஜின் விழிக்கும். செல்ஃப் சுற்றும்போது அழுத்தம் 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே போனால், இன்ஜின் நன்றாக இருந்தும் வண்டி கிளம்ப மறுக்கும். பல மாடல்களில் கிக்கரே கிடையாது. முன்பு சின்னத் தொந்தரவாக இருந்த சார்ஜிங் கோளாறு இப்போது வண்டியை நடுரோட்டில் நிறுத்தும் கோளாறாகிவிட்டது.

பேட்டரி ஏன் பலியாகிறது

பேட்டரியைக் கழனியில் உள்ள தண்ணீர்த் தொட்டியாக எண்ணிக்கொள்ளுங்கள். மோட்டார் இறைப்பது குறைந்தாலும், குழாய் மூட்டில் ஒழுகினாலும், எங்கோ ஒரு வாய்க்கால் திறந்து கிடந்தாலும் கடைசியில் கண்ணில் படுவது காலித் தொட்டிதான். தொட்டியை இடித்துப் புதிதாகக் கட்டுவதால் எந்த ஒழுக்கும் அடையாது. இதைக் கணக்காகப் பார்க்கலாம். சாதாரணக் கம்யூட்டர் வண்டியில் இருக்கும் பேட்டரி 3 முதல் 5 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டது. 4 என்று வைப்போம். ஓர் இணைப்பு கெட்டதால், வண்டி ஓடும்போது செலவாவதைவிட 0.3 ஆம்பியர் குறைவாகவே வரவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் நாளுக்கு 0.3 ஆம்பியர்-மணி இறங்கும். கடையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றித் தந்த புதுப் பேட்டரி பாதிக்கு இறங்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் செல்ஃப் பழுதில்லாமல் எடுக்கும், கோளாறு தீர்ந்தது என்ற நம்பிக்கையும் வளரும். புதுப் பேட்டரி கோளாறைச் சரிசெய்யவில்லை, ஒரு வாரம் மறைத்து வைத்தது. மேலும், பாதி சார்ஜில் நாள் கணக்காகக் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன்பின் கோளாறைச் சரிசெய்தாலும் அந்தப் பேட்டரி பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது. இப்படித்தான் ஒரு மோசமான கப்ளர், ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு மூன்று நல்ல பேட்டரிகளைக் கொன்றுவிடுகிறது.

சூடு பிடிக்கும் இணைப்பு

காயில் வயர்கள் ரெகுலேட்டரோடு சேரும் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே மூன்று மஞ்சள் வயர்கள் இருக்கும். நல்ல கப்ளரின் பிளாஸ்டிக் வெளுப்பாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். பின்கள் பளபளக்கும், சேர்க்கும்போது இறுக்கமாகப் போய் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும். கெட்ட கப்ளரில் மூன்று துளைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, உருகி, உள்வாங்கியிருக்கும். அந்தத் துளைக்கு வரும் மஞ்சள் வயரின் உறை, மற்ற இரண்டும் வளையும் இடத்தில் வளையாமல், காய்ந்த குச்சியைப் போல விறைத்து நிற்கும். பின் கறுத்துச் சொரசொரப்பாக இருக்கும். மூன்றில் ஒன்றுமட்டும் வெந்திருப்பதைக் கவனியுங்கள். காயில் முழுவதுமே கூடுதலாக மின்சாரம் தந்திருந்தால் மூன்றும் ஒரே அளவில் சூடாகியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெந்ததென்றால் குற்றம் பெரும்பாலும் அந்தப் பின்னின் தளர்ச்சியில்தான்.

இதன் காரணம் எளிய கணக்கு. ஒரு பின் தளர்ந்தோ பாசி பிடித்தோ வெறும் 0.1 ஓம் தடையைக் காட்டுகிறது என்று வைப்போம். கையில் பிடித்துப் பார்த்தால் தெரியாத அளவு அது. அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால் அங்கேயே 1 வோல்ட் தொலைகிறது. ரெகுலேட்டரின் வெளி வயரில் அப்படி நடந்தால், ரெகுலேட்டர் 14.2 தந்தாலும் பேட்டரிக்கு 13.2தான் போய்ச் சேரும். தொலைந்த 1 வோல்ட்டும் 10 ஆம்பியரும் சேர்ந்து 10 வாட் வெப்பமாக அந்தப் பின்னில் இறங்குகின்றன. ஒரு இண்டிகேட்டர் பல்பின் முழுச் சக்தி அது. ஒரு பட்டாணி அளவு இடத்தில் அவ்வளவு சூடு இறங்கினால் பின்னின் ஸ்பிரிங் இழுவை போய்விடும். இழுவை போனால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் கூடும். தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் கோளாறு இது. அதனால்தான் பல மாதம் அரைகுறையாக ஓடிய வண்டி, கடைசியில் ஒரே வாரத்தில் மொத்தமாகப் படுத்துவிடுகிறது.

நம் பகுதியின் இயற்கையும் இந்தக் கோளாறுக்குத் தோள் கொடுக்கிறது. கிளியனூருக்குக் கிழக்கே கழுவேலியும், அதைத் தாண்டி மரக்காணத்து உப்பளங்களும் கடலும் இருக்கின்றன. உப்புக் கலந்த ஈரம் செம்பின் மேல் படிந்தால் பச்சைத் தூள் கட்டும். அது மின்சாரத்துக்குத் தடை. வானூர் வட்டாரத்துக் கல்குவாரித் தூசி கப்ளருக்குள் புகுந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இவற்றின் மேல் புயல் வேறு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் பல இடங்களில் வெள்ளம் சூழ்ந்தது. அந்த மாதிரி நீரில் நின்ற வண்டி காய்ந்ததும் ஓடிவிடலாம். ஆனால் கப்ளருக்குள் தங்கிய சேற்று நீர் செம்பைத் தின்னத் தொடங்கி, வாரங்கள் கழித்தே கோளாறைக் காட்டும். மழை நின்று பொங்கல் வரும்போது நிற்கும் வண்டிக்கும் கார்த்திகை வெள்ளத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

மூன்று அளவுகள்

பேட்டரியை வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் ஓய விட்ட பிறகே அளக்கத் தொடங்க வேண்டும். இறங்கிய பேட்டரியை வைத்து அளந்தால் எல்லா எண்ணும் தவறாகவே காட்டும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சாவி போடாமல் பேட்டரியின் இரு டெர்மினல்களில் பிடியுங்கள். 12.6 முதல் 12.8 வரை இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி. முழுதாக ஏற்றியும் 10.5 பக்கம் நிற்கிறதென்றால் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது, அந்தப் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். 12.6 காட்டிய பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.5க்கும் கீழே விழுந்தால் அதன் உள்பலம் போய்விட்டது. செல்ஃப் மோட்டார் இறுகிப்போயிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு அதையும் மாற்றலாம். பேட்டரியைக் குற்றவாளி என்று சொல்லச் சான்று தருவது இந்த அளவுகள்தான்.

அடுத்து வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட் எரிய, ஆக்சிலேட்டரைக் கொடுத்து 4000 முதல் 5000 ஆர்பிஎம் வரை பிடித்து, அதே டெர்மினல்களில் மறுபடி அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் போதவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் அழுத்தத்தைப் பிடிக்கவில்லை. பேட்டரி உப்பிப்போவதும், அமில நெடி வருவதும், பல்புகள் அடிக்கடி பியூஸ் போவதும் இதன் அடையாளங்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சில வண்டிகளில் ரெகுலேட்டர் ஒரு தனி வயர் மூலம் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்கிறது. அந்த வயரில் இழப்பு இருந்தால், அழுத்தம் குறைவு என்று தவறாக நினைத்து நல்ல ரெகுலேட்டரே அதிகமாக ஏற்றிவிடும். எண் கூடினாலும் முதலில் பார்க்க வேண்டியது இணைப்பைத்தான்.

மூன்றாவது அளவு வயர்களில் தொலையும் அழுத்தம். ஐந்தே நிமிட வேலை, ஆனாலும் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஹெட்லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை ரெகுலேட்டரின் டிசி வெளி வயரிலும் வையுங்கள். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்தால் வயரைக் குத்தாமல் அளக்கலாம். வழி சுத்தமாக இருந்தால் 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. பிறகு பேட்டரி நெகட்டிவுக்கும் ரெகுலேட்டரின் எர்த் வயருக்கும் இடையே அளந்தால் 0.2க்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட்டோ ஒரு வோல்ட்டோ காட்டினால் அந்த வழியில் உள்ள கப்ளர், பியூஸ் ஹோல்டர், எர்த் போல்ட் ஒவ்வொன்றாகத் தாண்டி அளந்துகொண்டே வாருங்கள். எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எண் திடீரென்று எகிறுகிறதோ, கோளாறு அங்கே. பல வண்டிகளில் விடை, சேஸிஸில் எர்த் வளையம் உட்காரும் போல்ட்டுக்கு அடியிலேயே கிடைத்துவிடும்: அங்கே பெயின்ட் மேல் துரு, துருவின் மேல் பச்சைத் தூள்.

காயில், ரெகுலேட்டர், கசிவு

வழி சுத்தமாக இருந்தும் சார்ஜ் போதவில்லை என்றால் காயிலுக்குப் போகலாம். இன்ஜினை நிறுத்திக் கப்ளரைப் பிரித்து, மீட்டரை ஓம் அளவில் வைத்து, காயிலிலிருந்து வரும் ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையே பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் காயில் எர்த் ஆகிவிட்டது. பிறகு கப்ளர் பிரிந்திருக்கவே இன்ஜினை ஓட்டி, மீட்டரை ஏசி அளவில் வைத்து, மூன்று வயர்களையும் இரண்டிரண்டாக அளக்க வேண்டும். இந்த நேரத்தில் அழுத்தம் 50 வோல்ட்டைத் தாண்டக்கூடும், வெற்றுப் பின்னில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வோல்ட் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மூன்று ஜோடிகளும் ஒரே அளவில் ஏறுகின்றனவா என்பதே கேள்வி. ஒன்று மட்டும் பின்தங்கினால் காயிலின் ஒரு பகுதி கருகிவிட்டது. சிறிய வண்டிகளில் மூன்று மஞ்சளுக்குப் பதில் சார்ஜுக்கு ஒரு வயர், லைட்டுக்கு ஒரு வயர் என்று இருக்கும். அவற்றுக்கு அந்த மாடலின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். காயில் சரி, வழி சரி, ஆனாலும் 13க்குக் கீழே அல்லது 15க்கு மேலே என்றால் மட்டுமே ரெகுலேட்டரை மாற்றுங்கள். ரெகுலேட்டரைக் கடைசியில் சந்தேகப்படுவது, அதைத் தனியாகச் சோதிப்பது கடினம் என்பதால்தான்.

சார்ஜிங் எல்லாம் சரியாக இருந்தும் நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரி இறங்குகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி இணையுங்கள். அப்போது செல்ஃப் பட்டனைத் தொடவே கூடாது, மீட்டர் கருகிவிடும். சில மில்லி ஆம்பியர் வரை கடிகாரத்துக்கும் இசியுவுக்கும் போவது இயல்பு. 50 மில்லி ஆம்பியர் காட்டினால், நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகிறது என்று அர்த்தம். 4 ஆம்பியர்-மணிப் பேட்டரி நான்காம் நாளில் காலி. பின்னால் சேர்த்த ஜிபிஎஸ், அலாரம், மொபைல் சார்ஜர், ஃபாக் லைட் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எண் விழும் இடத்தில் திருடன் அகப்படுவான்.

எதிர்வாதங்கள்

"இத்தனை அளவும் எதற்கு, அனுபவமுள்ள மெக்கானிக் பார்த்தாலே சொல்லிவிடுவார்" என்பது முதல் மறுப்பு. அனுபவத்தின் மதிப்பை இந்த நூல் குறைத்துப் பேசவில்லை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே வால்வு இடைவெளியைச் சொல்லும் கைகள் நம் ஊரில் உண்டு. மின்சாரத்துக்கு அப்படிச் சத்தம் கிடையாது. 13.2 வோல்ட்டுக்கும் 14.2 வோல்ட்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கும் காதுக்கும் எட்டாது, ஆனால் பேட்டரிக்கு அது வாழ்வா சாவா என்ற வேறுபாடு. அனுபவமும் அளவும் சேரும்போதுதான் தீர்ப்பு நிற்கும். பெரிய நிறுவனங்கள் இதைத்தான் செய்கின்றன. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு, புல்லட், கிளாசிக், மீட்டியோர் வண்டிகளில் 2,36,966ஐத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் காயிலில் (சார்ஜ் தரும் காயில் அல்ல) குறை, அதனால் மிஸ்ஃபயரும் அரிதாக ஷார்ட் சர்க்யூட்டும் வரலாம் என்பது காரணம். 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையே தயாரானவை அவை. அத்தனை வண்டிகளிலும் காயிலை மாற்றப்போவதாக நிறுவனம் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்துத் தேவையானதை மாற்றுவோம், அது 10 சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்றது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் தனித்தனியாகச் சோதிப்பது சிக்கனம் என்றால், ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு அது இன்னும் பெரிய சிக்கனம்.

இரண்டாவது மறுப்பு, கிராமத்து ஓட்டம் குறுகியது, அதனால் சார்ஜ் ஏறாது, இதற்கு மருந்தில்லை என்பது. கணக்கு இதை ஏற்கவில்லை. செல்ஃப் மோட்டார் 60 ஆம்பியரை 3 விநாடி இழுத்தால் செலவு 0.05 ஆம்பியர்-மணி. ஓடும்போது பேட்டரிக்கு 1 ஆம்பியர் மிச்சம் போனால் மூன்று நான்கு நிமிடத்தில் அது திரும்பிவிடும். கிளியனூர்க் கடைத்தெருவுக்குப் போய்வரும் நேரமே போதும். மறுப்பில் ஓரளவு உண்மையும் இருக்கிறது: ஐட்லிங்கில் மேக்னெட் மெதுவாகச் சுற்றுவதால் ஹெட்லைட்டும் பிரேக் லைட்டும் சேர்ந்து வரவைவிட அதிகம் தின்னலாம். ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்துவிடுவது அதற்குத் தீர்வு. மற்றபடி, குறுகிய ஓட்டத்தில் பேட்டரி இறங்குகிற வண்டியில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது.

மூன்றாவது மறுப்பு புதிய வண்டிகளைப் பற்றியது: இசியு உள்ள வண்டியை ஷோரூம் ஸ்கேனர் இல்லாமல் தொடக் கூடாது என்பார்கள். ஸ்கேனருக்கு இடம் உண்டு. ஆனால் அழுத்தம் குறைந்தால் சென்சார்கள் தவறான எண்களைத் தந்து, இல்லாத கோளாறுகளுக்கெல்லாம் எச்சரிக்கை விளக்கு எரியும். ஸ்கேனருக்கு முன்பே பேட்டரி அழுத்தத்தைப் பார்க்க வேண்டியது இதனால்தான். அழுத்தத்தை அளந்ததற்காக வாரன்டி போகாது. வயரை வெட்டி ஒட்டினால் போகலாம். வாரன்டி உள்ள வண்டி என்றால் நீங்கள் அளந்த எண்ணை எழுதிக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள், பேச்சு அந்த எண்ணிலிருந்து தொடங்கட்டும். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி 'டைனமோ வேலை செய்யுதா' என்று பார்க்கும் பழைய பழக்கம் மட்டும் இந்த வண்டிகளுக்கு ஆகவே ஆகாது. பேட்டரி நடுவில் இல்லாதபோது அழுத்தம் எகிறி இசியு கருகலாம். அதன் விலைக்குப் பல பேட்டரி வாங்கலாம்.

சரிசெய்வதும் காப்பதும்

கண்டுபிடித்ததை எப்படிச் சரிசெய்கிறோம் என்பதில்தான் அது எத்தனை ஆண்டு நிற்கும் என்பது இருக்கிறது. வெந்த கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றுவது மிகப் பழகிய வழி. அந்த முறுக்கு வண்டியின் அதிர்வில் தளரும், டேப்பின் பசை வெயிலில் இளகி ஈரத்தை உள்ளே விடும், ஆறு மாதத்தில் அதே சூடு அதே இடத்தில் திரும்பும். அதே அளவுப் புதுக் கப்ளரும் பின்களும் வாங்கி, கருகிய வயரைச் செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டி, பின்னைச் சரியான பிளையரால் இறுக்கிப் பொருத்துவதே முறை. பழைய கப்ளரை அப்படியே விட்டுப் புது ரெகுலேட்டரை மாட்டினால், வெந்த பின் புதிய பின்னையும் வேகவைக்கும். எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் தெரியத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கூடுதல் லைட்டும் ஹார்னும் வேண்டுமென்றால் வண்டியின் வயரிங்கில் கொக்கி போடாமல், பேட்டரியிலிருந்து தனிப் பியூஸும் ரிலேயும் வைத்து எடுங்கள். காயில் தரும் மொத்த வாட்டுக்குள் அவை அடங்குகின்றனவா என்று முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு முதல் விதி, சாவி போடாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். சீட்டுக்கு அடியிலும் டேங்குக்கு அடியிலும் உள்ள கப்ளர்கள் அனைத்தையும் திறந்து, நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, முழுதாகக் காயவிட்ட பிறகே சேர்க்க வேண்டும். இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்யலாம். வாட்டர் சர்வீஸ் விடும்போதும் பிரஷர் பம்பை கப்ளர்களின் மேல் நேராக அடிக்க விடாதீர்கள். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் சித்திரை வெயிலில் மாதம் ஒரு முறை மட்டம் பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீரில் உள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும்.

புரட்டாசி முடிந்து ஐப்பசி மழை தொடங்குவதற்குள் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை என ஆண்டுக்கு இரண்டு தடவை மூன்று அளவுகளையும் எடுத்து, வண்டியின் சர்வீஸ் புத்தகத்திலேயே தேதியோடு எழுதி வையுங்கள். போன முறை 14.2 இருந்தது இந்த முறை 13.7 என்றால், வண்டி நிற்பதற்குப் பல வாரம் முன்பே ஓர் இணைப்பு தளர்வதை அது சொல்லிவிடுகிறது. வண்டியைக் கடையில் விடும்போதும் இரண்டு கேள்விகளைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: மாற்றுவதற்கு முன் எத்தனை வோல்ட் இருந்தது, மாற்றிய பின் எத்தனை வோல்ட் இருக்கிறது. இரண்டு எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக் கேள்வி கேட்கும் வாடிக்கையாளர் பாரமல்ல, தன் வேலைக்குச் சான்று எழுதித் தர ஒரு வாய்ப்பு. இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தால், காசு கொடுத்த பிறகும் கோளாறு வண்டியிலேயே இருக்கிறது. வண்டியை எடுக்காமல் அங்கேயே நின்று மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.